பக்கத்து சீட்டுக்கு முன்னால் ஸ்பீடோ மீட்டர்... கண்ணமங்கலத்தில் தாத்தா பார்த்த அந்த சிவப்பு கார் எது?

வேலூரில் திருவண்ணாமலை பஸ் ஏறினால், கணியம்பாடி தாண்டியதும் மலைகள் கூடவே ஓடிவர ஆரம்பிக்கும். கண்ணமங்கலம் கூட்ரோட்டில் இறங்கினால் ஒரு சாலை சந்தவாசல், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும். இன்னொன்று ஆரணிப் பக்கம் திரும்பும். ஆடி மாதம் என்றால் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாள்களில் டீக்கடை, பழக்கடை, ஷேர் ஆட்டோ என்று வழக்கமான கூட்ரோடுதான்.

இது என் அம்மாவின் ஊர். தாத்தா பட்டு நெசவாளி. புவிசார் குறியீடு பெற்ற 'ஆரணி பட்டு' என்ற பெயருக்குப் பின்னால் ஆரணி நகரம் மட்டும் இல்லை. இப்படிச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற எத்தனையோ வீட்டுத் தறிகளும் இருக்கின்றன. தாத்தா 50 வருடங்களுக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். கண்ணில் புரை வந்த பிறகு இறங்கிவிட்டார். இப்போது அந்தத் தறியில் மாமா உட்காருகிறார்.

எங்கள் குடும்பத்தில் தாத்தாவுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்று நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் "அப்பா, அந்த கார் கதையைச் சொல்லு" என்பார்கள். அவரும் சொல்வார். கடைசியில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் கேட்பார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

அந்தக் கதை இதுதான்.

தாத்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வருகிறார். சாலை ஓரத்தில் ஒரு சிவப்பு கார், முன்பக்கத்திலிருந்து ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது. கூரை இல்லை. இரண்டே சீட். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் கையால் விசிறிக்கொண்டு நிற்கிறார். "தண்ணி" என்ற ஒரு சொல் மட்டும் அவருக்குத் தமிழில் தெரிந்திருக்கிறது. தாத்தா ஓடிப்போய்க் கிணற்றில் ஒரு குடம் இறைத்துக்கொண்டு வருகிறார். அது பத்தவில்லை, இன்னொரு குடம். வண்டி சூடு தணிந்து கிளம்பியதும், அந்த மனிதர் பையனைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, ஆற்றங்கரை வரை ஒரு ரவுண்டு கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். கையில் ஒரு காசும் கொடுக்கிறார்.

"எனக்கு முன்னாடியே மீட்டர் இருந்துச்சு. முள்ளு நாப்பதைத் தொட்டுச்சு. நான் பார்த்தேன்" என்று தாத்தா முடிப்பார்.

சிரிப்பு அங்கேதான் வெடிக்கும். "எந்த ஊர்லப்பா பக்கத்து சீட்டுக்காரனுக்கு மீட்டர் வெப்பான்? டிரைவரு உன்னைக் கேட்டுக் கேட்டு ஓட்டினாரா?" என்பார் மாமா. அவர் ஒரு காலத்தில் வேன் ஓட்டியவர். அதனால் அவர் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது.

முதலில் நான் செய்த தவறு

போன வருடம் பொங்கலுக்குப் போனபோது, 'கண்டுபிடித்துவிடலாம் தாத்தா' என்று போனை எடுத்தேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் படங்களாகத் தேடித் தேடிக் காட்டினேன். "இதுவா தாத்தா? இது மாதிரியா?" ஜாகுவார், ஆஸ்டின் ஹீலி, டிரையம்ப் என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனேன். அரை மணி நேரத்தில் அவர் குழம்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் "ஆமா, இப்படித்தான்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இந்த முறை போனபோது வீட்டில் நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. தாத்தா இன்றைக்கு என்ன கிழமை என்பதை மறக்கிறார். என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதனால், அவர் சொல்லும் எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. "சாப்ட்டேன்" என்று அவர் சொன்னால்கூட, அத்தையிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால், அருகில் உட்கார்ந்து பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் புரை ஆபரேஷனுக்குப் பிந்தைய செக்கப்புக்காக ஆரணிக்குப் போனோம். மாமா நெய்து முடித்த புடவையை முதலாளி கடையில் கொடுத்துவிட்டு வரும் வரை, நானும் தாத்தாவும் வெளியே நின்றோம். கடை வாசலில் வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கார் நின்றது. தாத்தா அதன் முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு கையால் கண்ணுக்கு நிழல் கட்டிக்கொண்டார்.

"இந்த எட்டு மூலை அதுல இருந்துச்சு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அது எம்.ஜி. ஹெக்டர். 2019-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த வண்டி. அதன் முகப்பில் எட்டு மூலைக் கட்டத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இப்போது அந்தப் பெயர் ஒரு சீன நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆனால், அந்த எட்டு மூலை முத்திரைக்கு வயது நூறு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் இருந்த 'மோரிஸ் கராஜஸ்' என்ற கார் விற்பனை நிலையத்தின் சுருக்கம்தான் எம்.ஜி. அதன் மேலாளராக இருந்த செசில் கிம்பர், 1920-களில் மோரிஸ் கார்களுக்குப் புது உடம்பு கட்டி ஸ்போர்ட்ஸ் கார்களாக விற்க ஆரம்பித்தார். அந்தக் கார்களின் முத்திரையே இந்த எண்கோணம்.

தாத்தாவுக்கு அப்போது இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. கட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

போனை மூடி, கிராஃப் பேப்பரை எடுத்தோம்

இந்த முறை ஒரு முடிவு செய்தேன். படம் எதுவும் காட்டக் கூடாது. "கதவு இப்படித் திறந்ததா?" என்று பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்கக் கூடாது. "கதவு எப்படித் திறந்தது?" என்று மட்டும்தான் கேட்க வேண்டும். ஜர்னலிசம் வகுப்பில் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம்தான். வீட்டுக்குள் மறந்துபோயிருந்தேன்.

"வரைஞ்சு காட்டேன் தாத்தா" என்று வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அத்தைதான் உள்ளே போய்ப் பழைய டிசைன் கிராஃப் தாள் ஒன்றை எடுத்துவந்தார். நெசவில் கரைக்கும் முந்திக்கும் டிசைனை முதலில் இந்தக் கட்டத் தாளில்தான் போடுவார்கள். எந்த இழை மேலே எழும்ப வேண்டுமோ அந்தக் கட்டத்தை நிரப்புவார்கள். ஒரு வரிசைக்கு ஒரு அட்டை. அந்த அட்டையில் துளை போட்டு, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் கோத்துவிட்டால், தாளில் இருக்கும் மயில் புடவையில் இறங்கிவிடும்.

கட்டத் தாள் வந்ததும் தாத்தாவின் கை நகர்ந்தது. படமாக வரையவில்லை. டிசைன் போடுகிறவரைப் போல, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாக எண்ணிக்கொண்டு போனார். நடுவில் நீளவாக்கில் ஒரு கட்டம். அதற்குள் நெட்டு நெட்டாகக் கம்பிகள். அதன் தலையில் எட்டு மூலை. இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கிற இரண்டு பெரிய விளக்குகள். பிறகு சக்கரம்.

"சக்கரம் எப்படி இருந்துச்சு தாத்தா?"

"ஒசரம். சைக்கிளுக்கு இருக்குமே, அந்த மாதிரி உள்ள கம்பி. ஒல்லி டயரு."

"கதவு?"

"முன்னாடி புடிச்சு இழுத்தா பின்பக்கமா போச்சு. மத்த கார் மாதிரி இல்ல. ஏறச்சொல்ல கால் இடிச்சுக்கிட்டேன்."

"தண்ணி ஊத்தினது?"

"முன்னாடி மூக்கு மேலயே மூடி. பக்கத்துல இஞ்சின் மூடி ரெண்டு ரெக்கை மாதிரி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தூக்குனாரு. கண்ணாடியை முன்னாடி சாய்ச்சுப் படுக்க வெச்சுட்டாரு. காத்து மூஞ்சில அடிச்சுது."

"பின்னாடி?"

"ஒரு டயரு முதுகுல மாட்டியிருந்துச்சு."

"என்ன வருஷம்னு ஞாபகம் இருக்கா?"

வருடம் தெரியவில்லை. ஆனால், காசு ஞாபகம் இருந்தது. "புதுக்காசு. ஓரம் வளைவு வளைவா இருக்கும். அணா போயி நயா பைசா வந்த புதுசு. கடைக்காரரு வாங்கவே யோசிச்சாரு."

ஒரு ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு மாறி, 100 நயா பைசா என்று ஆனது 1957 ஏப்ரல் 1-ல். ஓரம் வளைந்த 10 நயா பைசா காசு அப்போது வந்ததுதான். ஆக, வருடம் 1957 அல்லது அதை ஒட்டி. வயதுக் கணக்கும் சரியாக வந்தது.

ஒவ்வொன்றாகக் கழித்தோம்

ஊரில் அந்தக் காருக்கு ஏற்கெனவே இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று, மாமாவுடையது. "அது ஸ்டாண்டர்டு ஹெரால்டா இருக்கும்." ஹெரால்டு நம் சென்னையில் தயாரான வண்டி. இரண்டு கதவு வைத்த அழகான கார். ஆனால், அது தயாரிப்புக்கு வந்தது 1961-ல். கணக்கு இடிக்கிறது.

இரண்டாவது, தெருவில் பெரியவர்கள் சொல்வது. "ஆரணி ஜாகிர்தார் வீட்டு வண்டியா இருக்கும்." பக்கத்துப் பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் அவர்கள் கட்டிய மாளிகை சிதிலமாகிக் கிடக்கிறது. அதனால், இந்தப் பக்கம் விலை உயர்ந்த பொருள் எதுவாக இருந்தாலும் அந்த வீட்டுக் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். ஆனால், ஓட்டியவர் வெளியூர்க்காரர் என்று தாத்தா ஆரம்பத்திலிருந்தே சொல்கிறார்.

எம்.ஜி. என்று வைத்துக்கொண்டு பார்த்தால் வழி சுலபமாகிறது. கம்பிச் சக்கரம், தனி விளக்கு, முதுகில் டயர், படுக்க வைக்கிற கண்ணாடி எல்லாம் அந்த நிறுவனத்தின் 'டி' வரிசைக் கார்களைத்தான் காட்டுகின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அதில் மூன்று வண்டிகள் வந்தன.

டி.சி: 1945 முதல் 1949 வரை. ஏறக்குறைய 10,000 வண்டிகள்.

டி.டி: 1950 முதல் 1953 வரை. ஏறக்குறைய 30,000.

டி.எஃப்: 1953 முதல் 1955 வரை. 9,600.

டி.எஃப்-பில் விளக்குகள் தனியாக நிற்காது. மட்கார்டோடு ஒட்டி உருகினதுபோல் இருக்கும். தாத்தா போட்ட டிசைனில் விளக்கு தனி. எனவே, அது இல்லை. டி.டி-க்குச் சின்னச் சக்கரம், அதுவும் கம்பி இல்லாத இரும்புத் தட்டுச் சக்கரம். அதுவும் இல்லை. மிச்சம் டி.சி. அதற்கு 19 அங்குலக் கம்பிச் சக்கரம். தாத்தா சொன்ன "ஒசரம், ஒல்லி டயரு" அதுதான்.

போருக்கு முன்னால் வந்த டி.ஏ., டி.பி. என்ற இரண்டு அண்ணன்களும் டி.சி-யைப் போலவே இருப்பார்கள். டி.ஏ. சுமார் 3,000, டி.பி. வெறும் 379. எண்ணிக்கையைப் பார்த்தால் டி.சி-யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எப்படியும் அந்தக் குடும்பம்தான்.

கடைசியாக மீட்டர். டி.சி-யின் டேஷ்போர்டு பற்றிப் படித்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. டி.சி-யில் ஓட்டுநருக்கு எதிரே இருப்பது இன்ஜின் சுழற்சியைக் காட்டும் மீட்டர். வேகம் காட்டும் மீட்டரை வைத்திருப்பது பக்கத்து சீட்டுக்கு எதிரே! ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவருக்குக் கியர் மாற்ற இன்ஜின் சுழற்சிதான் முக்கியம் என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்து வந்த டி.டி-யில் இரண்டு மீட்டரையும் ஓட்டுநர் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். டி.எஃப்-பில் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டார்கள்.

கதையில் எந்த வரிக்கு எல்லோரும் சிரித்தார்களோ, அந்த வரிதான் காரைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த மீட்டர் மைல் கணக்கு. நாற்பது மைல் என்றால் மணிக்கு 64 கிலோமீட்டர். கூரையில்லாத வண்டியில், 1957-ல், ஒன்பது வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

சிறுத்தை எங்கிருந்து வந்தது?

ஒரே ஒரு விஷயம் மட்டும் இடித்தது. கிராஃப் தாளில், எட்டு மூலைக்கு மேலே தாத்தா ஒரு சின்ன மிருகத்தைப் போட்டிருந்தார். "பாயுற சிறுத்தை" என்றார். அது ஜாகுவார் காரின் அடையாளம். எம்.ஜி-யில் அப்படி எதுவும் கிடையாது. அப்படியென்றால் மற்றதெல்லாமும் கற்பனைதானா?

மாமாதான் தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "சிறுத்தை முன்னாடி கதையில இல்லியே. நான் சின்ன வயசுல இருந்து கேக்குறேன். போன பொங்கலுக்கு அப்புறம்தான் சிறுத்தை வந்துச்சு."

போன பொங்கலுக்குப் போனில் ஜாகுவார் படத்தைக் காட்டியது நான். 60 வருடங்களுக்கும் மேலாக ஒரு நூல் பிசகாமல் இருந்த ஞாபகத்தில், அரை மணி நேரத்தில் ஒரு சிறுத்தையை விட்டது நான்தான். அவர் மறதியால் சேர்ந்தது இல்லை அது.

அதைச் சொன்னபோது தாத்தா, "அப்போ எடுத்துடு" என்றார். கிராஃபில் தப்பாகப் போட்ட கட்டத்தை அடிப்பதுபோல், பேனாவால் இரண்டு கோடு இழுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் போனை எடுத்தேன். எட்டு பழைய கார்களின் படங்களைக் கலந்து வைத்து, எதுவும் பேசாமல் நீட்டினேன். ஆறாவது படத்தில் விரல் நின்றது. டி.சி. ஆனால் சந்தோஷப்படவில்லை. "வண்டி இதான். கலர் இது இல்ல. அது அரக்கு. இது மிளகாய்ப் பழம்" என்றார். பட்டு நெய்தவரிடம் வெறும் சிவப்பு என்று சொல்லித் தப்ப முடியாது.

அந்த கார் இங்கே எப்படி?

டி.சி. பெரிய சக்தி கொண்ட வண்டி இல்லை. 1,250 சிசி இன்ஜின், 54 குதிரைத்திறன். இன்றைக்கு நம் தெருவில் ஓடும் 1,200 சிசி சின்னக் கார்களே அதைவிட அதிக சக்தி கொண்டவை. ஆனால், அந்த வண்டிக்கு அன்று உலகமே மயங்கியது. 1961-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆன அமெரிக்கர் ஃபில் ஹில், பந்தயத்தைத் தொடங்கியது ஒரு டி.சி-யில்தான்.

இந்தியாவில் 1950-களில் வெளிநாட்டு கார் வாங்குவது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டிருந்தது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசு நெருக்கியதால், இங்கே பாகங்களைப் பொருத்தி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற நிறுவனங்களே கிளம்பிவிட்டன. அதனால் அதற்கு முன்னால் வந்து இறங்கிய ஸ்போர்ட்ஸ் கார்கள், கை மாறிக் கை மாறி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஓர் இடமும் இருந்தது. போர்க்காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரத்தில் அமைத்த விமான ஓடுதளத்தில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வரும் வரை, தமிழ்நாட்டின் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

அந்த வெள்ளைக்காரர் யார்? இந்தச் சாலையின் ஒரு முனையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அன்றைக்கும் வெளிநாட்டு மருத்துவர்கள் வேலை பார்த்த இடம். இன்னொரு முனையில் திருவண்ணாமலை ரமணாஸ்ரமம். உலகின் எல்லா மூலையிலிருந்தும் ஆள்கள் வரும் இடம். இரண்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். அதற்கு மேல் நான் தேடவில்லை. தாத்தா அவர் பெயரைக் கேட்கவில்லை. அவரும் தாத்தாவின் பெயரைக் கேட்கவில்லை.

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். காருக்கு அப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறது. அதைப் பார்த்த ஞாபகத்துக்குத்தான், எங்கள் வீட்டில் இவ்வளவு நாளாக யாரும் ஒரு முத்திரை குத்தித் தரவில்லை.

சாயங்காலம் தாத்தாவும் நானும் மாமாவும் ஆற்றங்கரை வரை நடந்தோம். நாகநதியில் மணல்தான் தெரிந்தது. கார் நின்ற இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. கிணறு இருந்த இடத்தையும் காட்டினார். அதை மூடி வீடு கட்டிவிட்டார்கள்.

மாமா ரொம்ப நேரம் எதுவும் பேசாமல் வந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அப்பா, அந்த மீட்டர்ல நாப்பதுக்கு மேல எவ்ளோ வரைக்கும் நெம்பர் இருந்துச்சு?"

தாத்தா நின்றார். யோசித்தார்.

"அது ஞாபகம் இல்ல. முள்ளை மட்டும்தான் பார்த்தேன்" என்றார்.

தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிற ஆள். நான் பேட்டி எடுக்கிற பலரிடம் இது கிடைப்பதில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அத்தை, "சாப்ட்டீங்களா மாமா?" என்று கேட்டார். "சாப்டல" என்றார் தாத்தா. இந்த முறை யாரும் இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை. இலை போட்டார்கள்.

கிராஃப் தாள் இப்போது தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சிறுத்தை மேல் இரண்டு கோடுகளோடு.